சந்தனமாரி யோசித்து முடிக்கும்வரை

தருவைக்கரையில் சூரியன் முதன்முதலாக நின்றது ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை முற்பகலில், உப்பளத்துப் பெண்கள் பாத்திக்குள் இறங்கி உப்பு வாரிக்கொண்டிருந்தபோது. அதைக் கண்டு யாரும் வாயைப் பிளக்கவில்லை. தருவைக்கரைக்காரர்கள் அவ்வளவு லேசில் வாயைப் பிளக்கிறவர்கள் இல்லை. முன்னொரு காலத்தில் கடல் ஊருக்குள் வந்து மாதா கோயில் படிவரை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனபோதுகூட, "வந்ததுதான் வந்துது, நாலு மீனையாவது போட்டுட்டுப் போயிருக்கலாம்" என்று குறைபட்டுக்கொண்டு அவரவர் வீட்டைக் கழுவப் போனவர்கள் அவர்கள்.

அன்றைக்குப் பாத்திக்குள் நின்றவர்களில் பேச்சித்தாயும் ஒருத்தி. உப்புத்தண்ணீரில் ஊறி ஊறி வெடித்த பாதம், வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிப்போன கண், கேரளத்துக்குக் கட்டட வேலைக்குப் போய் விசேஷத்துக்கு விசேஷம் தலைகாட்டுகிற புருஷன், ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரே மகள் சந்தனமாரி, இவ்வளவுதான் அவளுடைய ஆஸ்தி. அளத்தில் வேலை நேரத்தில் செல்போன்களைக் கணக்கப்பிள்ளை ஆவுடைநாயகம் வாங்கி வைத்துக்கொள்வார். ஆகவே பெண்கள் வரப்பில் நட்டிருந்த ஒரு கம்பின் நிழலைப் பார்த்துத்தான் பொழுது கணிப்பார்கள். நிழல் கம்பின் அடியில் ஒடுங்கினால் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். அன்று அந்த நிழல் வரப்பின் பாதிவரை வந்து, அங்கேயே படுத்துக்கொண்டது. ஒரு பாத்தி வாரி முடித்தார்கள், நிழல் அங்கேயே. அடுத்த பாத்தியையும் வாரினார்கள், வேர்த்தார்கள், தாகம் எடுத்துத் தண்ணீர் குடித்தார்கள், பசித்துக் கஞ்சி குடித்தார்கள், குடித்த கஞ்சி செரித்தும் போனது, நிழல் அங்கேயே.

"ஏட்டி, சூரியன் நின்னுட்டு போலுக்கே" என்றாள் லூர்தம்மாள். பேச்சித்தாய்க்குப் பக்கத்துப் பாத்திக்காரி, எதையும் நக்கலில்லாமல் சொல்லத் தெரியாதவள்.

"நிக்கட்டும்க்கா. தெனமும் ஓடுதுல்லா, இன்னைக்குக் காலு வலிக்கும்" என்றாள் பேச்சித்தாய்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டுக் குனிந்து வேலையைப் பார்த்தார்கள். எவ்வளவு நேரம் கழித்து என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் நேரமே நகரவில்லை, ஆனால் கடைசியில் நிழல் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து மறுபடி ஊர ஆரம்பித்தது.

காரணம் அன்று சாயங்காலமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் பையைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்கள்.

அந்த ஊர் நடுநிலைப் பள்ளியில் கேள்வி கேட்பது என்பது காலங்காலமாக ஒரு பாட்டு மாதிரி நடந்துவந்தது. டீச்சர், "இலையில் நடப்பது ஒளிச்சேர்க்..." என்று இழுத்து நிறுத்துவார்; பிள்ளைகள் மொத்தமாக "கை!" என்று முடிப்பார்கள். "தண்ணி கொதிச்சா நீரா..." "வி!" "எல்லாருக்கும் புரிஞ்..." "சுது!" பாதிச் சொல் டீச்சருடையது, மீதிச் சொல் வகுப்புடையது, யார் சொன்னார்கள் யார் வாயை மட்டும் அசைத்தார்கள் என்பது கூரைக்கே தெரியாது. தப்பித்தவறி ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி எழுப்பிக் கேட்டாலும், அது உதட்டைப் பிரிப்பதற்குள் டீச்சரே பதிலையும் சொல்லி உட்கார வைத்துவிடுவார். இந்த ஓட்டத்தில் சூரியனுக்கு நிற்க வாய்ப்பே கிடைத்ததில்லை. ஒருவேளை எல்லா ஊரிலும் அது நிற்கத் தயாராகத்தான் இருக்கிறதோ என்னவோ, அவ்வளவு நேரம் காத்திருந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை.

ஜெபராணி டீச்சர் காத்திருந்தார். நாசரேத் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர், கொஞ்சம் குள்ளம், கொஞ்சம் பிடிவாதம், பதில் தனக்கே தெரியாதது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறவர். அந்தச் செவ்வாய்க்கிழமை, வாசல் பூவரச மரத்தில் ஒரு இலையைப் பறித்துக்கொண்டு வகுப்புக்குள் வந்து, "சந்தனமாரி, நீ சொல்லு. இந்த இலைக்கு இப்ப உயிர் இருக்கா, இல்லையா?" என்று கேட்டார்.

சந்தனமாரி எழுந்தாள். இலையைப் பார்த்தாள். ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்தாள். மறுபடி இலையைப் பார்த்தாள். டீச்சர் பாதிச் சொல் எதையும் எடுத்துக்கொடுக்காமல், கையைக் கட்டிக்கொண்டு, அவசரமில்லாத முகத்தோடு நின்றார். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் நகரலாமா என்று யோசித்து, பிறகு வேண்டாம் என்று இருந்துவிட்டது. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள், குண்டூசியால் பெஞ்சில் பெயர் செதுக்கினார்கள், ஒருவன் தூங்கி எழுந்தான். கடைசியில் சந்தனமாரி, "பாதி உசுரு இருக்கு டீச்சர். இன்னும் பச்சையாத்தான் இருக்கு. மரத்துல இருந்து பிச்சாச்சுன்னு அதுக்கு இன்னும் தெரியாது" என்றாள். முள் நகர்ந்தது.

அதற்குப் பிறகு ஊர் இந்த விஷயத்தின் சட்டதிட்டங்களை ஒன்றொன்றாகக் கண்டுபிடித்தது. கைடில் இருக்கிற பதிலுக்குச் சூரியன் நிற்காது, ஏனென்றால் அதற்கு யோசிக்க வேண்டியதில்லை. பதில் சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிள்ளை தானாக யோசித்துச் சொன்னால் தப்பான பதிலுக்கும் சூரியன் மரியாதையாக நகர்ந்துவிடும். பக்கத்திலிருப்பவள் காதில் ஓதிக்கொடுத்ததை ஒப்பித்தால் அசையாது. டீச்சரே பொறுமை இழந்து பதிலைச் சொல்லிவிட்டால் நகர்ந்துவிடும், ஆனால் அன்று முழுக்க வெயில் ஒரு மாதிரி உப்புச்சப்பில்லாமல் அடிக்கும். ஊர் எல்லைக்கு அப்பாலிருந்தவர்களுக்கு இது எதுவுமே தெரியவில்லை. தூத்துக்குடிப் பேருந்து எப்போது வந்தாலும் சரியான நேரத்துக்குத்தான் வந்தது, அதுவே தருவைக்கரைக்காரர்களுக்குச் சூரியன் நின்றதைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது.

மற்றப் பிள்ளைகளுக்கும் சூரியன் நின்றது. ஆனால் ஒரு பீடி பற்றவைக்கிற நேரம், மிஞ்சினால் ஒரு டீ ஆறுகிற நேரம். சந்தனமாரிக்கு நின்றால்தான் அது நிற்பது. கருவாடு காயப்போடுகிறவர்கள் அவளைத் தெய்வமாகக் கும்பிட்டார்கள். வடகம் பிழிகிறவர்கள், காலையில் பள்ளிக்கூடம் போகிறவளை வழிமறித்து, "இன்னைக்கு உன்னக் கேப்பாவளா மக்கா?" என்று விசாரித்துவிட்டுத்தான் மாவு கிளறினார்கள். பங்குனியில் ஒரு கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு வேன் பஞ்சராகி நடுவழியில் நின்றுவிட, முகூர்த்தம் கைநழுவிப் போகிற பதற்றத்தில் பெண்ணின் தகப்பனார் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, வகுப்பு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், அந்தப் பிள்ளைகிட்ட நல்லாக் கஷ்டமா ஒன்னு கேளுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று மூச்சிரைத்தார். டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எப்படியும் கேட்பதாக இருந்ததைத்தான் கேட்டார். எறும்பு எப்படி வரிசை மாறாமல் போகிறது என்று சந்தனமாரி யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் வேனுக்குச் சக்கரம் மாட்டி, மாப்பிள்ளை வந்து சேர்ந்து, கால் கழுவி, நல்ல நேரத்துக்குள்ளேயே தாலி கட்டினார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு அண்டா பாயசம் வந்தது.

எல்லாரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் அளத்து முதலாளி. நின்ற வெயிலில் பாத்திகள் தளதளவென்று உப்புப் பூத்தன. நாள் கணக்கில் விளைய வேண்டியது ஒரே முற்பகலில் விளைந்தது. விளைந்ததை வாரப் பெண்கள் இருந்தார்கள். வேலை நேரம் முடிந்தால்தானே வீட்டுக்குப் போக முடியும்? முதுகு ஒடிகிறது என்று யாராவது முனகினால் ஆவுடைநாயகம் கம்பைக் காட்டுவார்.

"நெழலப் பாருங்கம்மா. நகந்திருக்கா? மணியே ஆகலியே, அதுக்குள்ள எங்க போகணுங்கிய? நேரம் ஓடாம கூலி மட்டும் ஓடுமா?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. ஒரு நாள் கூலிக்கு இரண்டு நாள் வேலை செய்தார்கள். பாதம் வெடித்த இடத்தில் மறுபடி வெடித்தது. முதலாளியையும் கணக்கப்பிள்ளையையும் திட்டினால் நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ. சூரியனைத் திட்டினால் அதன் காதில் விழப்போவதில்லை. ஆகவே திட்டெல்லாம் பேச்சித்தாய் தலையில் விழுந்தது.

"உம் மவ வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவ யோசிச்சு முடிக்கதுக்குள்ள நாம இங்கனயே கருவாடாயிருவோம்" என்றாள் இன்னொருத்தி.

லூர்தம்மாள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சும்மா இருந்ததுதான் பேச்சித்தாய்க்கு அதிகமாக வலித்தது.

அன்று சாயங்காலம் பேச்சித்தாய் மகளை முன்னால் உட்காரவைத்துத் தலைவாரிக்கொண்டே கேட்டாள். "ஏம்ட்டி, டீச்சர் கேட்டா சட்டுனு ஏதாவது ஒன்ன சொல்லிட்டு உக்கார வேண்டியதுதானே?"

ஒரு பக்கப் பின்னல் முடிந்தது. மறுபக்கம் பாதி வந்தபோது சந்தனமாரி சொன்னாள். "ஒன்னு சொல்லலாம்னு வாயத் தொறக்கேன்ம்மா. அதுக்குள்ள அது சரிதானான்னு ஒன்னு வருது. அதைப் பாத்துட்டு வந்தா பொறத்தால இன்னொன்னு வருது. எல்லாத்தையும் பாக்கணும்லா?"

"தெரியாதுன்னு சொல்லிரு."

"சொல்லிப் பாத்தேன். நகரல. தெரியாதுன்னு இல்லியே, யோசிச்சுக்கிட்டுல்லா இருந்தேன்."

பேச்சித்தாய்க்குக் கோபமும் வந்தது, அந்தக் கோபத்துக்குள்ளேயே ஒரு பெருமையும் வந்தது. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டோமே என்ற நினைப்பை எந்தக் குரலில் நினைப்பது என்று தெரியாமல் ரிப்பனை இறுக்கிக் கட்டினாள்.

மறுவாரம் ஆவுடைநாயகம் அவளைக் கூப்பிட்டு, இனி பாத்தியில் இறங்க வேண்டாம், கொட்டகை நிழலில் உட்கார்ந்து சாக்குத் தைத்தால் போதும் என்றார். "முதலாளி சொல்லிட்டாரு. பிள்ள நல்லா யோசிக்கட்டும், அவசரப்படுத்தாத" என்று கண்ணைச் சிமிட்டினார். கொட்டகை நிழல் குளுகுளுவென்றுதான் இருந்தது. அங்கே உட்கார்ந்து சணலை ஊசியில் கோர்த்தபடி, வெயிலில் நிற்கிற மற்றவர்களைப் பேச்சித்தாய் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இவளைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதற்கு அவர்கள் பட்ட சிரமம் அவளுக்குத் தெரிந்தது. அப்படி ஒரு நாள், சூரியன் நின்று நின்று பாத்தியெல்லாம் கண்ணாடியாக மின்னிக்கொண்டிருந்தபோது, தலையில் உப்புப் பெட்டியோடு வரப்பில் ஏறிய லூர்தம்மாள் அப்படியே மடங்கிச் சரிந்தாள். உப்பு கொட்டியது. பேச்சித்தாய் ஓடிப்போய் அவளை மடியில் தூக்கிப் போட்டு முகத்தில் தண்ணீர் அடித்தபோது, லூர்தம்மாள் கண்ணைத் திறந்து, "உம் மவ சொல்லிட்டாளா?" என்றுதான் முதலில் கேட்டாள். அப்போதும் நக்கலாகத்தான் கேட்டாள். பேச்சித்தாய் உடைந்துபோனாள்.

அவள் அளத்திலிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். வகுப்பு வாசலில் போய் நின்றபோது சந்தனமாரி எழுந்து நின்று யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். பேச்சித்தாய் மகளைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்துச் சொன்னாள். "பதிலை நீங்களே சொல்லிருங்க டீச்சர். இனிமே எம் பிள்ளைட்ட எதுவும் கேக்காதிய. அங்க ஆளுக விழுதாவ."

ஜெபராணி டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேச்சித்தாயின் காலில் உப்பு அரித்த புண்களைப் பார்த்தார். பதிலைச் சொன்னார். வெளியே வெயில் சப்பென்று நகர்ந்தது. சந்தனமாரி உட்கார்ந்தாள்.

ஊர் பெருமூச்சு விட்டது. கருவாட்டுக்காரிகள் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு அடங்கினார்கள். முதலாளிக்குக் கோபம் வந்து பேச்சித்தாயைக் கொட்டகையிலிருந்து மறுபடி பாத்திக்கு அனுப்பினார், அவள் கும்பிட்டுவிட்டுப் போய் இறங்கினாள். பெண்கள் அவளோடு பேச ஆரம்பித்தார்கள், ஒருத்தி வெற்றிலைகூடக் கொடுத்தாள். வகுப்பில் டீச்சரின் கண் ஒவ்வொரு முகமாகத் தொட்டு வந்து, சந்தனமாரி முகத்துக்குப் பக்கத்தில் வரும்போது ஒரு பள்ளத்தைத் தாண்டுவது போலத் தாண்டி அடுத்த முகத்துக்குப் போனது. நிழல் ஒழுங்காக ஊர்ந்தது. எல்லாரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போனார்கள்.

வீட்டில் சந்தனமாரி சட்டுச் சட்டென்று பேச ஆரம்பித்தாள். முன்பெல்லாம் தோசையா இட்லியா என்று கேட்டால் மாவு புளிக்கிறவரை யோசிக்கிற பிள்ளை, இப்போது கேட்டு முடிப்பதற்குள் "சரிம்மா" என்றாள். பள்ளிக்கூடம் எப்படியிருந்தது? "நல்லாருந்தும்மா." தலை வலிக்கிறதா? "இல்லம்மா." அப்பா போனில் பேசினாரே, என்ன சொன்னார்? "சும்மாதாம்மா." பிள்ளைக்கு விவரம் வந்துவிட்டது என்று பேச்சித்தாய் முதலில் மகிழ்ந்துபோனாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன் குழம்பு வைத்து மகளுக்கு ஊற்றிக்கொடுத்துவிட்டு, "எப்படிட்டி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லாருக்கும்மா."

தனக்கும் ஊற்றி ஒரு வாய் வைத்தாள். குழம்பில் உப்பே இல்லை. உப்பளத்துக்காரி வீட்டுக் குழம்பில் ஒரு கல் உப்பு இல்லை, மறந்துவிட்டிருக்கிறாள், அவள் மகள் தலையைக் குனிந்துகொண்டு அதை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். பழைய சந்தனமாரியாக இருந்தால் முதல் கவளத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டே கூரையைப் பார்த்திருப்பாள், ஏதோ ஒன்று குறைகிறது என்று கண்டுபிடித்திருப்பாள், அது என்ன என்று சொல்வதற்குள் குழம்பு ஆறியே போயிருக்கும். பேச்சித்தாய் தட்டைத் தள்ளி வைத்தாள். "எம்மா, உப்பு இல்லியேம்மா, ஏன் சொல்லல?" என்றாள்.

"சொன்னா என்ன ஆகப்போவுது" என்றாள் சந்தனமாரி. அதையும் யோசிக்காமல் சொன்னாள்.

அன்று முழுக்கப் பேச்சித்தாய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. மற்றவர்கள் பிள்ளையைத் திட்டினார்கள், அது போகட்டும். பிள்ளையின் வாயை அடைத்தது பெற்றவள். இதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. வெயிலில் விழுந்து கிடந்த லூர்தம்மாளின் முகமும் கண்முன்னால் வந்தது. இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது என்று யோசித்தாள். பழக்கமில்லாத வேலை, அவளிடம் யாரும் எதையும் கேட்டுவிட்டுக் காத்திருந்ததில்லை. பாத்திரம் கழுவும்போது யோசித்தாள், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டும் யோசித்தாள்.

மறுநாள் அளத்தில் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது எல்லாரும் இருக்கும்போதே பேச்சை எடுத்தாள். "நான் டீச்சர்ட்டப் போயி எம் மவளக் கேளுங்கன்னு சொல்லப்போறேன். சூரியன் நிக்கும். உங்ககிட்டச் சொல்லாமச் செய்யக் கூடாதுன்னுதான் சொல்லுதேன்."

ஒருத்தி தூக்குவாளியை ணங்கென்று வைத்தாள்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்றாள் லூர்தம்மாள். "அன்னைக்கு நான் செத்துப் பொழைச்சேன்."

"அதத்தான்க்கா யோசிச்சுப் பாத்தேன். நீங்க சூரியன் நின்னதால விழல. சூரியன் நின்னப்ப நாம நிக்காம வேலை பாத்ததால விழுந்திய." பேச்சித்தாய் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "மணி ஆகலன்னு கணக்கப்பிள்ளை சொல்லுதாரு. அப்ப அந்த நேரம் அவரு நேரம் இல்லியே? அவரு கூலி குடுக்காத நேரம் யாரு நேரம்? அந்த நேரத்துல நாம உக்காந்தா, எவ்வளவு நேரம் உக்காந்தியன்னு அவரால கேக்க முடியுமா?"

லூர்தம்மாள் கஞ்சியை ஒரு மடக்குக் குடித்தாள். இன்னொரு மடக்குக் குடித்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள், புரையேறித் தலையில் தட்டிக்கொள்கிற அளவுக்குச் சிரித்தாள். "இம்புட்டு நாளும் இது நம்ம மண்டையில ஏறலியேட்டி" என்றாள். "ஓலைத் தட்டி ரெண்டு எடுத்துட்டு வாங்கட்டி நாளைக்கு. நெழலுக்கு."

அன்று பள்ளிக்கூடம் விட்ட பிறகு பேச்சித்தாய் ஜெபராணி டீச்சரைப் போய்ப் பார்த்தாள். "கேளுங்க டீச்சர். அவ எம்புட்டு நேரம் எடுத்தாலும் கேளுங்க. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நானும் நீங்க சொன்னதும் அவளைக் கேக்காம விட்டிருக்கக் கூடாதும்மா" என்றார். பிறகு, பதில் தெரியாத அந்த முகத்தோடு, "நாளைக்கு அவகிட்ட என்ன கேக்கட்டும்? நீங்க சொல்லுங்க" என்றார்.

பேச்சித்தாய் திகைத்துப்போனாள். டீச்சர் காத்திருந்தார். சாயங்கால வெயில் பள்ளிக்கூடச் சுவரில் விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. "எனக்கு ஒன்னு ரொம்ப நாளாத் தெரியல டீச்சர்" என்றாள் பேச்சித்தாய் கடைசியில். "பாத்தியில கடத்தண்ணியப் பாய்ச்சுதோம். வெயிலுக்குத் தண்ணி மேல போயிருது. உப்பு மட்டும் போகாமக் கெடக்கு. அது ஏன் கூடப் போகல?"

மறுநாள் முற்பகலில் நிழல் வரப்பில் பாதி தூரம் வந்து நின்றது.

லூர்தம்மாள்தான் முதலில் பார்த்தாள். உப்பு வாரும் பலகையைப் பாத்தியிலேயே போட்டுவிட்டு வரப்பில் ஏறினாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். ஓலைத் தட்டிகளைக் கம்புகளில் சாய்த்து, அடியில் வரிசையாக உட்கார்ந்து காலை நீட்டினார்கள். உப்பளத்தில் பட்டப்பகலில் அத்தனை பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்ததை அந்த வரப்பு அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பாத்திகளில் உப்பு தளதளவென்று பூத்துக்கொண்டே இருந்தது, வார ஆளில்லை.

ஆவுடைநாயகம் கொட்டகையிலிருந்து குடையோடு ஓடிவந்தார். "என்ன இது? என்ன இது? வேலை நேரத்துல என்ன உக்காந்திருக்கிய?"

"எந்த நேரம் அண்ணாச்சி?" என்றாள் லூர்தம்மாள் பணிவாக. "நெழலப் பாருங்க. நகந்திருக்கா?"

அவர் பார்த்தார்.

"இப்பத்தான் உக்காந்தோம். இன்னும் ஒரு நிமிஷங்கூட ஆகல. நீங்க வேணும்னா மணியப் பாருங்க."

அவர் மணியையும் பார்த்தார். சொல்ல வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தார், அது அவரே சொல்லிச் சொல்லிப் பழக்கிய வார்த்தையாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டார். "கொழுப்பப் பாரு" என்று யாருக்கோ சொல்லிவிட்டு, வெயிலில் நிற்க முடியாமல், தட்டி நிழலின் ஓரத்தில் ஒரு கால் மட்டும் படுகிற மாதிரி வந்து நின்றார்.

காத்திருந்தார்கள். என்ன கேள்வி என்று ஒருத்தி கேட்க, பேச்சித்தாய் சொன்னாள். அது வரிசை நெடுகப் போனது. பிறந்ததிலிருந்து உப்பில் கிடக்கிற அத்தனை பேரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். "கனமா இருக்கும்லா, அதான் போகல" என்றாள் ஒருத்தி. "அப்ப இந்தா கெடக்க தூசி கனமில்லியே, அதுவும் போகல" என்றாள் இன்னொருத்தி. "அதுக்கு எங்கட்டி போக வழியிருக்கு, நம்மள மாதிரிதான்" என்றாள் லூர்தம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். "சும்மா இருங்க, அந்தப் பிள்ள யோசிக்கட்டும்" என்று ஆவுடைநாயகம் அதட்டினார், அவர் முகத்தைப் பார்த்தால் அவரும் யோசித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

பேச்சித்தாயின் கண் நிழலைவிட்டு அகலவில்லை. தூரத்தில் வேப்பமரங்களுக்குப் பின்னால் பள்ளிக்கூடத்து ஓட்டுக் கூரை தெரிந்தது. அங்கே மகள் எழுந்து நிற்கிறாள். இத்தனை நாள் கேட்காமல் விட்ட பிள்ளை, சட்டென்று எதையாவது சொல்லிவிட்டு உட்காரப் பழகிவிட்ட பிள்ளை. நிழல் அசையாமல் கிடக்கக் கிடக்க, அவளுக்கும் ஒரு நினைப்புக்குப் பின்னால் இன்னொரு நினைப்பு வந்தது. பயந்துபோய் நிற்கிறாளோ, வாயே வரவில்லையோ, கெடுத்துவிட்டேனோ. மறுகணமே, இல்லை, பயந்திருந்தால் எப்போதோ சட்டென்று ஒன்றைச் சொல்லியிருப்பாள், யோசிக்கத்தான் செய்கிறாள் என்று தோன்றியது. அவளால் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. தண்ணீர் குடம் கைமாறிக் கைமாறி வந்தது, அவள் குடிக்காமல் அடுத்தவளிடம் கொடுத்தாள். வரப்பு முழுவதும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தது.

நிழல் சிலிர்த்தது. நகர்ந்தது.

"நகந்துட்டு!" என்று லூர்தம்மாள் அவள் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். "ஏட்டி, உம் மவ வாயத் தொறந்துட்டா!"

பெண்கள் ஓவென்று கத்தினார்கள். பேச்சித்தாய் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள், அழுகிறோமே என்ற வெட்கமில்லாமல் அழுதாள். என்ன சொன்னாளோ, சரியோ தப்போ, தெரியவில்லை. அவளுடைய பிள்ளை அவளுடைய கேள்விக்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறாள்.

ஆவுடைநாயகம் தொண்டையைச் செருமினார். "சரி, சரி. நேரம் ஓட ஆரம்பிச்சாச்சு. எறங்குங்க" என்றார். பெண்கள் முழங்காலில் கையூன்றி எழுந்தார்கள், பலகைகளைத் தேடி எடுத்தார்கள், முதல் கால் பாத்தித் தண்ணீரில் படப்போனது.

நிழல் மறுபடி நின்றது.

எல்லாரும் நிழலைப் பார்த்தார்கள், பிறகு பேச்சித்தாயைப் பார்த்தார்கள்.

"இப்ப என்னட்டி?" என்றாள் லூர்தம்மாள்.

பேச்சித்தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக் கூரையை ஒரு பார்வை பார்த்தாள்.

"டீச்சர் 'ஏன்?'னு கேட்டிருப்பாவ" என்று சொல்லிவிட்டு, எல்லாருக்கும் முதல் ஆளாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.